கப்பல் அறிந்த முகம், காரியாலயம் அறியாத பெயர்

உல்லாசக் கப்பல் யாத்திரை என்பது பிரபுக்களுக்கும் பெருந்தனவந்தர்களுக்கும் மட்டுமே உரிய போகமென்று கருதப்பட்ட காலம் மலையேறி, ஓய்வு பெற்ற ஆசிரியரும் ஆஸ்பத்திரித் தாதியும் சிறு வியாபாரியும் ஆண்டு முழுவதும் சேமித்துக் குடும்பத்தோடு ஒரு வாரம் கடலில் கழித்துவிட்டு வரும் சாதாரண விடுமுறையாக அது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மாறி இரண்டு தலைமுறைகள் ஆகிவிட்டன. 2024-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 கோடியே 46 லட்சம் பேர் இத்தகைய கப்பல்களில் பிரயாணம் செய்தார்கள் என்று கப்பல் கம்பெனிகளின் சர்வதேசச் சங்கம் கணக்குச் சொல்லுகிறது. இவர்களில் ஒரு பெரும் பகுதியினர் முதல் தடவையாகக் கப்பல் ஏறுகிறவர்கள் அல்லர். ஒருமுறை சென்று, அந்த அநுபவத்தில் மனம் தோய்ந்து, அதே கம்பெனியின் கப்பல்களையே மறுபடியும் மறுபடியும் நாடிச் செல்லுகிறவர்கள். ஆயினும், கடலுக்குச் செல்லும் ஆசையோடு கம்ப்யூட்டரின் முன் அமரும் அந்தப் பழைய வாடிக்கையாளர்களுக்குக் கரையிலேயே நேரும் மனக்கசப்புகள் இரண்டு: ஒன்று, நாள்தோறும் வந்து குவியும் விளம்பர மின்னஞ்சல்கள், மற்றொன்று, இடம் பதிவு செய்யப் புகுந்தவரைத் திணற அடிக்கும் இணையதளங்கள். இவை அற்ப விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் தன்னை நம்பித் திரும்பத் திரும்ப வருகிறவரை ஒரு வியாபாரம் எப்படி நடத்துகிறது என்ற பெரிய கேள்வி இவற்றுள் அடங்கியிருப்பதால், சற்று நிதானமாகவே இவற்றைப் பார்ப்பது தகும்.

உல்லாசக் கப்பலும் விளம்பரமும் உடன்பிறந்தவை என்றே சொல்லலாம். 1844-ஆம் ஆண்டில் பி அண்ட் ஓ கம்பெனி மத்தியதரைக் கடலுக்குச் சுற்றுலாப் பிரயாணிகளை அழைத்துச் செல்லத் தொடங்கியபோது, ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவச டிக்கெட் கொடுத்துக் கூட்டிச் சென்றது. அவரும் கெய்ரோ வரை போய் வந்து, 1846-இல் அந்த யாத்திரையைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். அது விளம்பரந்தான் என்றாலும், கடற்பயணத்தின் சுகத்தையும் அசௌகரியத்தையும் ஒரு மனிதர் தம் கண்ணால் கண்டு சொன்ன விளம்பரம். பின்னர் ஜெட் விமானங்கள் வந்து, கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் கப்பல்களுக்கு வேலை இல்லாமல் செய்தபோது, போய்ச் சேரும் ஊரை விடுத்துக் கப்பல் வாழ்க்கையையே விற்கும் புதிய தொழில் மயாமி நகரத்தை மையமாகக் கொண்டு எழுந்தது. 1966-இல் நார்வீஜியன், 1968-இல் ராயல் கரீபியன், 1972-இல் கார்னிவல் என்று வரிசையாகப் பிறந்த கம்பெனிகள் காலப்போக்கில் பல பழைய பெயர்களை விழுங்கிப் பெருங்குழுமங்களாக வளர்ந்தன. இன்று இம்மூன்று குழுமங்களும், ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட எம்எஸ்சி கம்பெனியும் சேர்ந்து உலக உல்லாசக் கப்பல் தொழிலின் பெரும் பகுதியைத் தம் கைவசம் வைத்திருக்கின்றன.

ஒரு முறை வந்தவரை மறுமுறையும் வரவழைக்கும் உபாயத்தை இக்கம்பெனிகள் விமானத் தொழிலைப் பின்பற்றி வளர்த்துக்கொண்டன. 1981-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய திட்டம், பறந்த தூரத்துக்கு ஏற்பச் சலுகை என்ற முறையை உலகெங்கும் பரவச் செய்தது. அதே வழியில் கப்பல் கம்பெனிகள், கடலில் கழித்த இரவுகளை எண்ணிப் பிரயாணிகளைப் படிப்படியாக உயர்த்தின. ராயல் கரீபியனின் திட்டத்தில் மூன்று புள்ளிகளில் தங்கப் படி தொடங்குகிறது. சாதாரண அறையில் தங்கினால் இரவுக்கு ஒரு புள்ளியாகச் சேர்த்து, 80 புள்ளியில் வைரம், 700 புள்ளியில் உச்சி என்று அது ஏறிச் செல்லுகிறது. எழுநூறு இரவுகளை ஒரே கம்பெனியின் கப்பல்களில் கழிப்பதென்றால், ஒருவர் தம் ஆயுளில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளை அந்தக் கம்பெனியிடம் ஒப்படைத்திருக்கிறார் என்று பொருள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஒருவர் இருவர் அல்லர்.

இத்தகைய விசுவாசம் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால், அது பெரும்பாலும் கப்பலில் வேலை செய்கிறவர்களிடமிருந்து பிறக்கிறது. பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேஷியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் குடும்பத்தைப் பிரிந்து வந்து, மாதக் கணக்கில் ஓய்வு நாளின்றி உழைக்கும் அறைப் பணியாளரும் உணவு பரிமாறுகிறவரும், இரண்டாம் நாளே பிரயாணியின் பெயரைக் கற்றுக்கொண்டு, அவர் காப்பியில் சர்க்கரை போடுவதில்லை என்பதையும் அவர் மனைவிக்குப் படி ஏறினால் முழங்கால் வலிக்கும் என்பதையும் நினைவில் வைத்து நடந்துகொள்கிறார்கள். அந்த நினைவுதான் பிரயாணியை மறுபடியும் இழுக்கிறது. ஆனால் அவர் ஊர் திரும்பி, அடுத்த யாத்திரைக்காகக் கம்பெனியின் கரைக் காரியாலயத்தை அணுகும்போது, கப்பலில் பெற்ற அந்தப் பரிச்சயம் முழுவதும் மறைந்து, அவர் ஒரு மின்னஞ்சல் முகவரியாக மட்டுமே மிஞ்சுகிறார்.

அந்த முகவரிக்கு வரும் கடிதங்களின் தன்மையைச் சற்று ஆராயலாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரையில் மேல்நாட்டார் கோடை விடுமுறைக்குத் திட்டமிடும் பருவம். அம்மாதங்களில் பதிவுகள் அலை அலையாகக் குவிவதனால், தொழிலில் உள்ளவர்கள் அதை அலைப் பருவம் என்றே அழைக்கிறார்கள். முதல் ஆளுக்கு முழுக் கட்டணம், இரண்டாம் ஆளுக்குப் பாதி. குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. இன்று இரவோடு சலுகை முடிகிறது—இவ்வாறு அப்போது வரும் ஒவ்வொரு கடிதமும் அவசரப்படுத்துகிறது. முடிந்துவிடும் என்று சொன்ன சலுகை மறுநாள் நீட்டிக்கப்பட்டதாக ஒரு கடிதம் வரும். அதுவும் முடிந்த பின்னர் வேறொரு பெயரில் அதே சலுகை உயிர்பெற்று வரும். முதல் முறை பார்க்கிறவர் வேண்டுமானால் பதற்றத்தோடு பணம் கட்டலாம். பல ஆண்டுகளாக இந்தக் கடிதங்களைப் பெற்று வரும் பழைய வாடிக்கையாளரோ, கடைசி நாள் என்பது கடைசி நாள் அன்று என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டுவிடுகிறார். அதன் பலன் என்னவென்றால், கம்பெனி உண்மையாகவே ஒரு நல்ல சலுகையை அறிவிக்கும் நாளிலும் அவர் அதை நம்பமாட்டார்.

இதைவிட மனத்தைப் புண்படுத்துவது வேறொன்று உண்டு. முன்பணம் கட்டி அறையைப் பதிவு செய்துகொண்டவருக்கே, அதே கப்பல், அதே தேதி, அதே வகை அறை, குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று கடிதம் வருகிறது. பரம்பரையாகப் பழகிய ஜவுளிக்கடையில் நேற்று நாம் எடுத்துவந்த பட்டுப்புடவையை இன்று பாதி விலைக்குத் தருவதாக அந்தக் கடைக்காரரே நம் வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்பிச் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது இது. அமெரிக்காவில், மீதிப் பணத்தை முழுவதும் கட்டித் தீர்க்கும் தேதிக்கு முன்னால் விலை இறங்கினால், பல கம்பெனிகள் கேட்பவருக்குப் புதிய விலையைத் தருகின்றன என்பது உண்மையே. ஆனால் கேட்பவருக்குத்தான் தருகின்றன. தாமாக முன்வந்து தருவது அபூர்வம். ஆகவே, விசுவாசமுள்ள பிரயாணி தம் யாத்திரையை எண்ணி மகிழ வேண்டிய மாதங்களில், வாரந்தோறும் விலையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் காவல்காரராக ஆகிவிடுகிறார்.

இவ்வாறு நடப்பதற்குக் காரணம் கம்பெனி நிர்வாகிகளின் கெட்ட எண்ணம் என்று முடிவு கட்டிவிடுவது நியாயமாகாது. கடிதம் அனுப்பும் விளம்பர இலாகாவின் பெயர்ப்பட்டியல் ஓரிடத்திலும், அறைகளைப் பதிவு செய்யும் கணக்கு மற்றோரிடத்திலும், யார் எந்தப் படியில் இருக்கிறார் என்ற விவரம் மூன்றாவது இடத்திலும் இருந்து, அவை ஒன்றோடொன்று நாள்தோறும் பேசிக்கொள்ளாமலிருந்தால், ஒரு கை செய்தது மறு கைக்குத் தெரியாமல் போகிறது. அத்துடன், தபால் தலை ஒட்டி அனுப்பிய காலத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் செலவு இருந்ததனால் யாருக்கு அனுப்புவது என்ற விசாரம் இருந்தது. மின்னஞ்சலுக்கோ ஏறக்குறையச் செலவே இல்லை. 1978-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் விற்பனையாளர், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே சமயத்தில் விளம்பரம் அனுப்பிய அன்றே, செலவின்றிப் பலருக்கும் அனுப்பும் ஆசை பிறந்துவிட்டது. எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையைக் கொண்டே விளம்பர இலாகாவினர் வெற்றியை அளந்து வந்தார்கள். ஆனால் 2021-இல் ஆப்பிள் கம்பெனி தன் அஞ்சல் செயலியில் செய்த மாற்றத்தினால், ஒருவர் படிக்காத கடிதமும் திறக்கப்பட்டதாகவே கணக்கில் ஏறக்கூடும். அளவுகோலே பிழைபட்ட பிறகும் அதே அளவுகோலை நம்பிக் கடிதங்களைப் பெருக்கினால், வாடிக்கையாளரின் சலிப்பு நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

வேண்டாம் என்று சொல்லி நிறுத்திவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். அந்த உரிமை சட்டப்படி உண்டு. அமெரிக்காவில் 2003-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், விளம்பர மின்னஞ்சலை நிறுத்துமாறு ஒருவர் கோரினால் பத்து வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டுமென்று விதிக்கிறது; ஐரோப்பாவில் 2018 முதல் அமலில் உள்ள தகவல் பாதுகாப்பு விதிகள் அதைவிடக் கடுமையானவை; 2024 முதல் ஜிமெயிலும் யாஹூவும், பெருமளவில் கடிதம் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தந்தே தீர வேண்டுமென்று நிபந்தனை போட்டிருக்கின்றன. ஆனால் பழைய வாடிக்கையாளரின் சங்கடம் வேறு வகையானது. அவருக்குக் கம்பெனியின் கடிதமே வேண்டாமென்பதில்லை. கப்பல் நிற்கும் துறைமுகம் மாறியது, பாஸ்போர்ட் விவரம் கேட்டது, புறப்படும் நேரம் தள்ளிப்போனது போன்ற அவசியமான செய்திகளும் அதே கம்பெனியின் பெயரில், அதே வண்ணப் படங்களின் நடுவே வருகின்றன. ஆகவே விளம்பரத்தை வெறுத்துப் பார்க்காமல் விட்டால் தேவையான கடிதமும் கண்ணில் படாமல் போகிறது. பத்து விளம்பரங்களுக்கு இடையே ஒரு முக்கியமான அறிவிப்பைத் தேடும் பொறுப்பு, பணம் கொடுத்தவர் தலையில் விழுகிறது.

இனி, பதிவு செய்யும் இடத்துக்கு வருவோம். உல்லாசக் கப்பலில் இடம் பதிவு செய்வது விமான டிக்கெட் எடுப்பது போன்ற எளிய காரியம் அன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரியில் முதல் யாத்திரை புறப்பட்ட ஐகான் ஆஃப் த சீஸ் என்ற கப்பலில் சுமார் 2,800 அறைகள் இருக்கின்றன; உள்ளறை, கடலைப் பார்த்த ஜன்னல் அறை, பால்கனி அறை, பல அறைகள் கொண்ட ஸ்வீட் என்ற வகைகளும், அவற்றுள் தளத்துக்குத் தளம் மாறும் உட்பிரிவுகளும் சேர்ந்து ஒரு பெரிய அட்டவணையாகின்றன. 1980-களில் விமானக் கம்பெனிகள் வளர்த்தெடுத்த முறைப்படி, தேவை ஏற ஏற விலை ஏறுவதும் குறையக் குறைய இறங்குவதுமாக இருக்க, அதன்மேல் பிரயாணி வசிக்கும் ஊர், வயது, ராணுவ சேவை, விசுவாசப் படி ஆகியவற்றுக்கு ஏற்பத் தனித்தனிச் சலுகைகளும் ஏறிக்கொள்கின்றன. கட்டணம் பொதுவாக ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில், ஆளுக்கு இவ்வளவு என்று சொல்லப்படுகிறது. தனியாகச் செல்லும் ஒருவர் சில சமயம் இரண்டு ஆள் கட்டணத்தையே கட்ட நேரிடும். துணையை இழந்த பின்னரும் பழைய நினைவுகளுக்காக அதே கப்பலை நாடி வரும் முதியவர்களுக்கு இந்த விதி எவ்வளவு வேதனை தருமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2010-இல் நார்வீஜியன் கம்பெனி தன் எபிக் கப்பலில் தனிப் பிரயாணிகளுக்கென்றே 128 சிற்றறைகளை அமைத்தது நல்ல தொடக்கம்.

இந்தச் சிக்கலைப் பிரித்து விளக்குவதற்காகத்தான் இணையதளம் ஏற்பட்டது. ஆனால் பல சமயங்களில் அது சிக்கலை அப்படியே பிரயாணியின் முன் கொட்டிவிடுகிறது. மின்னஞ்சலில் கண்ட விலையைச் சொடுக்கி உள்ளே போனால் அந்த விலையுள்ள தேதி எது என்று காட்டுவதில்லை. விசுவாசச் சலுகை சேர்ந்துவிட்டதா இல்லையா என்பது கடைசிப் பக்கம் வரையில் தெரிவதில்லை. அறையைத் தேர்ந்து, பெயர்களை நிரப்பி, பணம் கட்டும் இடத்துக்கு வரும்போது அவகாசம் தீர்ந்துவிட்டதென்று சொல்லி முதலிலிருந்து தொடங்கச் சொல்லுகிறது. பயண முகவர் மூலம் பதிவு செய்தவராக இருந்தால், தம் பெயரிலுள்ள பதிவைத் தாமே பார்க்கலாமே ஒழிய மாற்ற முடியாது. அந்தப் பதிவு முகவரின் பொறுப்பில் இருப்பதனால் கம்பெனி அவரிடமே போகச் சொல்லும். இந்த ஏற்பாட்டுக்கு வியாபார நியாயம் உண்டு என்றாலும், பதிவு செய்யும் முன்பே அதைத் தெளிவாகச் சொன்னால் பின்னால் எழும் மனத்தாங்கல் இராது. முடிவில் எல்லாருக்கும் மிஞ்சுவது தொலைபேசிதான். அங்கே இசையைக் கேட்டுக்கொண்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

விலையை மறைக்காமல் சொல்லும் விஷயத்தில் சட்டம் ஒரு நல்ல வழியைத் திறந்திருக்கிறது. கட்டாயக் கட்டணங்களைச் சேர்க்காமல் சிறிய தொகையை விளம்பரத்தில் காட்டி, கடைசியில் அவற்றைக் கூட்டும் வழக்கத்துக்கு எதிராகக் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2024 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதையொட்டிப் பெரிய கம்பெனிகள் பல, அமெரிக்கா முழுவதிலுமே அவற்றைச் சேர்த்த விலையைக் காட்டத் தொடங்கின. ஒரு மாநிலத்தின் சட்டம் ஒரு தொழிலின் வழக்கத்தையே மாற்ற முடிந்ததென்றால், அந்த மாற்றம் தொழில்நுட்பத்தால் இயலாத காரியமாக ஒருபோதும் இருந்ததில்லை என்பது தெளிவாகிறது. ஆயினும் பணியாளர்களுக்காக நாள் கணக்கில் வாங்கும் அன்பளிப்புத் தொகை இன்னும் பெரும்பாலும் தனியாகவே நிற்கிறது.

விசுவாசத்துக்குத் தண்டனையா என்ற கேள்வி கப்பல் தொழிலில் மட்டும் எழுந்ததன்று. பிரிட்டனில் வீட்டுக்கும் மோட்டாருக்கும் ஒரே கம்பெனியில் ஆண்டுதோறும் இன்ஷூரன்ஸைப் புதுப்பித்து வந்தவர்கள், புதிதாக வருகிறவர்களைவிட அதிகத் தொகை கட்டி வந்தது அம்பலமாகி, 2022 ஜனவரி 1 முதல் புதுப்பிக்கிறவரிடம் புதியவருக்குச் சொல்லும் விலைக்கு மேல் கேட்கலாகாதென்று அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை ஆணையம் தடுத்தது. பழைய வாடிக்கையாளரைக் காப்பது கருணை மட்டுமல்ல, லாபமுங்கூட என்பதை ரைக்கல்ட், சாஸர் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1990-லேயே எழுதியிருக்கிறார்கள். வாடிக்கையாளரில் நூற்றுக்கு ஐந்து பேரைக் கூடுதலாக விலகாமல் தக்கவைத்துக்கொண்டாலே, தொழிலுக்குத் தக்கபடி லாபம் 25 முதல் 85 சதவிகிதம் வரை பெருகக்கூடும் என்பது அவர்கள் கண்ட கணக்கு.

கப்பல் கம்பெனிகளுக்கு இந்த உண்மையை ஏட்டிலிருந்து கற்க வேண்டிய அவசியமும் இல்லை. 2020-ஆம் ஆண்டு அவர்களுக்கு அதை நேரிலேயே கற்பித்தது. அவ்வாண்டு மார்ச்சில் கொரோனா நோயினால் உலகெங்கும் கப்பல்கள் நின்று, அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து மறுபடியும் புறப்பட 2021 ஜூன் ஆயிற்று. வருமானம் அடியோடு வற்றிய அந்தக் காலத்தில், கட்டிய பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது அதனோடு கால் பங்கு கூட்டி எதிர்கால யாத்திரைக்கு வரவு வைத்துக்கொள்ளலாம் என்று பல கம்பெனிகள் கூறின. பிரயாணிகளில் பலர் பணத்தை வாங்காமல் வரவையே ஏற்றார்கள். கப்பல் மறுபடியும் ஓடுமா என்பதே நிச்சயமில்லாத நாளில் அவர்கள் காட்டிய நம்பிக்கை, எந்தப் படியின் பெயராலும் அளக்க முடியாதது. அத்தகையவர்களை, முன்பின் அறியாதவர்களைப் போல, முதல் யாத்திரைக்கு வாருங்கள் என்று கடிதம் எழுதி அழைப்பது அநியாயம் அல்லவா?

இவ்விஷயம் நமக்கு எட்டாத தொலைவிலுள்ளதென்று எண்ண வேண்டாம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கார்டீலியா கம்பெனியின் எம்ப்ரஸ், அதற்கு முன் ராயல் கரீபியனிடம் இருந்த கப்பல்தான். அந்தத் தொழில் நம் கரைக்கு வரும்போது அதன் பழக்கங்களும் கூடவே வரும். பொய்யான அவசரம் காட்டுவது, விலையைத் துளித்துளியாக ஏற்றுவது, ஓயாமல் நச்சரிப்பது உள்ளிட்ட 13 இணைய வியாபாரத் தந்திரங்களை இந்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் விதிகள் வகுத்துத் தடுத்திருப்பது, நம் பிரயாணிகளுக்கு முன்கூட்டியே கிடைத்த பாதுகாப்பு.

சட்டம் உதவுமட்டும் காத்திராமல், பிரயாணி செய்துகொள்ளக் கூடியவையும் உண்டு. கப்பல் கம்பெனிகளுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டு, பதிவு செய்த பிறகு வாரம் ஒரு முறை அதைத் திறந்து பார்ப்பது நல்லது. பணம் கட்டும்போது திரையில் தெரிந்த விலையையும் நிபந்தனைகளையும் படம் பிடித்து வைக்க வேண்டும். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, மீதிப் பணம் கட்டக் கடைசித் தேதி எது என்ற இரண்டையும் முதல் நாளே குறித்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பாக ஒருமுறை விலையைச் சரிபார்த்துக் கேட்க வேண்டும். இணையதளத்தோடு போராட மனமில்லாதவர்கள் அநுபவமுள்ள நல்ல முகவரை நாடுவது தோல்வியன்று. அவருக்குக் கம்பெனியே தரகு கொடுக்கிறது.

ஆனால் முக்கியமான கடமை கம்பெனிகளுடையது. 2026 ஜூன் முதல் கடலில் கழித்த நாட்களை விடுத்துச் செலவிட்ட தொகையைக் கொண்டு படிகளை நிர்ணயிக்கப் போவதாகக் கார்னிவல் அறிவித்தபோது பழைய பிரயாணிகளிடையே எழுந்த வருத்தம், படிகளை எந்த அளவுகோலால் அளந்தாலும் கேள்வி தீர்வதில்லை என்பதையே காட்டியது. விசுவாசமுள்ளவர் வேண்டுவன மூன்றுதான்: ஏற்கனவே பதிவு செய்திருப்பதை நினைவில் வைத்துக் கடிதம் எழுதுங்கள், கடைசி நாள் என்று சொன்னால் அது கடைசி நாளாகவே இருக்கட்டும், விலை இறங்கினால் நாங்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். மூன்றுக்கும் புதிய கப்பல் கட்ட வேண்டியதில்லை. ஏற்கனவே உள்ள கணக்குகளை ஒன்றோடொன்று பேசவைத்தால் போதும். அடுத்த யாத்திரைக்கு முன்பணம் கட்டுமுன் இம்மூன்றையும் வாய்விட்டுக் கேட்கும் உரிமை ஒவ்வொரு பிரயாணிக்கும் உண்டு. கேட்கிறவர்கள் பெருகப் பெருகக் கொடுக்கிறவர்களும் பெருகுவார்கள்.